கிளியோபிளாஸ்டோமா ஃபாலோ-அப்புக்கு ரத்த டெஸ்ட், யாருக்காவது அனுபவம் இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு கிளியோபிளாஸ்டோமா (வேகமா வளர்ற மூளைக் கேன்சர் கட்டி), ஆபரேஷன், ரேடியேஷன், கூடவே டெமோசோலமைடுங்கிற கீமோ மாத்திரை எல்லாம் முடிஞ்சு இப்ப எம்ஆர்ஐ எடுத்தா பழைய இடத்துலயே வெள்ளையா பெருசா தெரியுது, ஆனா அது கட்டி திரும்ப வளருதா இல்ல ரேடியேஷனால வந்த மாற்றமான்னு படத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாது, அடுத்த ஸ்கேன் வரைக்கும் பொறுத்துப் பாப்போம்னு டாக்டர் சொல்றார். கட்டி வளராமலே ரேடியேஷனால இப்படி வளர்ந்த மாதிரி தெரியறதுக்கு சூடோபுரோக்ரஷன்னு பேராம், ரேடியேஷன் முடிஞ்ச முதல் 3 மாசத்துலதான் அதிகமா வருமாம், எம்ஜிஎம்டி மெத்திலேஷன் (கட்டியில டிஎன்ஏவைச் சரிபண்ற ஒரு ஜீன் அணைஞ்சு கிடக்கிறது) இருக்கவங்களுக்கு இன்னும் சகஜமாம் (அண்ணனுக்கு இருக்கு).

சும்மா காத்திருக்க முடியல, அதான் ரத்தத்துலயே கண்டுபிடிக்க வழி இருக்கான்னு தேடினேன். நுரையீரல் கேன்சர்ல கட்டியிலேர்ந்து ரத்தத்துல கலக்குற டிஎன்ஏவை வச்சே ஈஜிஎஃப்ஆர்ங்கிற ஜீன்ல மியூட்டேஷன் (மாற்றம்) இருக்கான்னு பாத்துடுறாங்க, மூளைக்கட்டியில மட்டும் ரத்த-மூளைத் தடுப்பு குறுக்க நிக்கிறதால ரொம்ப கொஞ்சம்தான் வெளிய வருது. தண்டுவட நீர்ல அதைவிட நல்லா கிடைக்கும், ஆனா முதுகுல ஊசி போடணும், தலைக்குள்ள பிரஷர் இருந்தா அது ஆபத்து வேற. ரத்தத்துல எக்ஸோசோம் (செல்கள் வெளிய விடுற நுண்ணிய பைகள்), ஜிஎஃப்ஏபி (மூளை செல்கள்ல இருக்க ஒரு புரதம்)னு ஆராய்ச்சி நிறைய நடக்குது, ஆனா ஜிஎஃப்ஏபி தலையில அடிபட்டாலும் ஸ்ட்ரோக் வந்தாலும்கூட ஏறும், அப்ப அதை வச்சு என்னத்த முடிவு பண்றது?

யாராவது ட்ரையல்ல சேர்ந்து தொடர்ந்து ரத்தம் குடுத்திருக்கீங்களா? ரிசல்ட்டை உங்ககிட்ட சொன்னாங்களா இல்ல ஆராய்ச்சிக்கு மட்டும் வச்சுக்கிட்டாங்களா? பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ (அந்த இடத்துல ரத்த ஓட்டத்தைக் காட்டுறது), அமினோ ஆசிட் பெட் ஸ்கேன் (அந்த இடம் அமினோ ஆசிட்டை எவ்வளவு இழுக்குதுன்னு காட்டுறது) எடுத்தவங்களும் தெளிவு கிடைச்சுதான்னு சொல்லுங்க. அற்புத மருந்து லிங்க் மட்டும் வேண்டாம் ப்ளீஸ், இன்பாக்ஸ் ஏற்கனவே அதாலதான் நிறைஞ்சு கெடக்கு.