கம்பெனி கார்டு பாக்கி என் சிபிலில் (கடன் பதிவில்) ஏறுமா?

கேள்வி: ஆபீஸில் தரும் கிரெடிட் கார்டு படிவத்தில் என் பான் எண்ணும் கையெழுத்தும் கேட்கிறார்கள். செலவுப் பணம் திரும்ப வர 45 நாள் ஆகும். கட்டாமல் விட்டால் யார் தலையில் விழும்?

பதில் 1: பான் கேட்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க, கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புக்கும் அது வேணும். பொறுப்புப் பிரிவைப் படிங்க. ‘கம்பெனி மட்டும்’ என்றால் கவலையில்லை. ‘தனியாகவும் கூட்டாகவும்’ என்றிருந்தால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். கம்பெனி உங்களுக்குப் பணம் தந்ததா என்பது வங்கிக்குப் பொருட்டே இல்லை. அப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியே நேரடியாக வங்கிக்குக் கட்டுமா என்று எழுத்தில் கேளுங்க.

பதில் 2: அந்த 45 நாள்தான் இடிக்குது. 5ஆம் தேதி ஸ்டேட்மெண்ட், 25 கடைசி நாள் என்றால், 4ஆம் தேதி தேய்த்த ஹோட்டல் பில்லுக்கு 21 நாள்தான் இருக்கு. கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று பதிவாகும். கட்டத் தவறியவர் என்று சிபிலுக்குச் சொல்லும் முன் 7 நாள் நோட்டீஸ் தரணும், இது ரிசர்வ் வங்கி விதி. அந்த நோட்டீஸ் ஆபீஸ் மெயிலுக்குப் போனால், வேலையை விட்டபின் கண்ணில் படாது. சொந்த மெயிலைக் கொடுங்க.

பதில் 3: விலகும்போது கார்டை எச்.ஆரிடம் கொடுத்தால் மட்டும் போதாது. ஆட்டோ டெபிட்டை நிறுத்தி, வங்கியிடம் நிலுவையில்லாச் சான்று வாங்குங்க. தவறாக ஏறியிருந்தால் சிபில் தளத்தில் புகார் போடுங்க. 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.