4 நாள் விடுப்பில் கொலராடோ எல்க் வேட்டை: போவது தகுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து டாலஸுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. எச்-1பி விசாவில் இருக்கிறேன். என்னுடன் பணிபுரியும் அமெரிக்க நண்பர் ஒருவர் அக்டோபர் கடைசியில் கொலராடோவின் மீக்கர் பகுதிக்கு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போகிறார். என்னையும் அன்போடு அழைக்கிறார். எனக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாள்தான் விடுப்பு கிடைக்கும். சனி, ஞாயிறைச் சேர்த்தால் நான்கு நாள். உரிமம், உடை, வழிச்செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் 1,500 டாலருக்குக் குறையாது போலிருக்கிறது. இவ்வளவு குறுகிய பயணத்துக்கு இந்தச் செலவு தகுமா? அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லுங்கள்.

மறுமொழி

தம்பி, நான் 14 ஆண்டுகளாக டெக்சஸில் இருக்கிறேன். கொலராடோவுக்கு ஐந்து முறை வேட்டைக்குப் போயிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணத்துக்குப் போய் வாருங்கள், ஆனால் இந்த ஆண்டு எல்க் உரிமம் வாங்காதீர்கள். நண்பருக்குத் துணையாக மட்டும் போங்கள். இப்படிச் சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களைப் போல விசாவில் இருப்பவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது.

முதலில் நாள் கணக்கு. டாலஸிலிருந்து மீக்கர் ஏறத்தாழ 1,000 மைல். இருவர் மாறி மாறி ஓட்டினாலும் பதினைந்து, பதினாறு மணி நேரம் ஆகும். வியாழன் முழுவதும் சாலையிலேயே கழியும், ஞாயிறும் அப்படியே. மிஞ்சுவது வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளையும் முழு நாளாக எண்ணிவிடாதீர்கள். எல்க் விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் புல்வெளிக்கு வரும்; பகல் முழுவதும் அடர்ந்த ஊசியிலை மரங்களுக்குள் படுத்துக் கிடக்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரைதான் சுட அனுமதி. ஆகவே உண்மையான வேட்டைப் பொழுது என்பது காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி என்ற அளவில்தான் இருக்கும். இரண்டு நாளில் அப்படி நான்கு வேளைகள் கிடைக்கும். உங்கள் 1,500 டாலரை அந்த நான்கு வேளைகளுக்கு வகுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் வரும், துப்பாக்கி வேட்டைக்கான இரண்டாம் பருவம் ஒன்பது நாள் நீளமானது. அது சனிக்கிழமை தொடங்கும். நீங்கள் போய்ச் சேரும் வெள்ளிக்கிழமைக்குள் ஆறு நாள் வேட்டைக்காரர்கள் அந்தக் காட்டைக் கலைத்திருப்பார்கள். சாலைக்கு அருகில் மேய்ந்த மந்தைகள் எல்லாம் அதற்குள் ஆழமான பள்ளத்தாக்குகளுக்கோ, அனுமதியில்லாமல் நாம் கால் வைக்கக் கூடாத தனியார் பண்ணைகளுக்கோ ஒதுங்கிவிடும். குறுகிய பயணம் போவதென்றால் தொடக்க வார இறுதிக்காவது போக வேண்டும். பருவத்தின் கடைசியில் புகுந்து இரண்டே நாளில் திரும்புவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

அடுத்தது உயரம். டாலஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 430 அடி. மீக்கர் ஊரே 6,200 அடி. வேட்டைக்குப் போகும் ஃபிளாட் டாப்ஸ் மேட்டு நிலம் 10,000 அடிக்கு மேல். நம் தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 8,000 அடிக்கு மேல் திடீரென ஏறுபவர்களில் பலருக்கு முதல் நாளிலேயே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். உடல் பழகுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை பிடிக்கும். அதாவது உங்கள் உடம்பு தேறும் நாளில் நீங்கள் வண்டியைத் திருப்பியிருப்பீர்கள். ஒரு வாரம் தங்குபவருக்கு இது முதல் நாள் தொல்லை, அவ்வளவுதான். உங்கள் நான்கு நாள் பயணத்தில் முழு வேட்டையையும் அது விழுங்கிவிடும்.

என் முதல் பயணமும் உங்களுடையதைப் போன்ற நான்கு நாள் பயணம்தான். முதல் நாள் முழுவதும் நெற்றிப்பொட்டில் சுத்தியலால் அடிப்பது போன்ற வலியோடு கூடாரத்தில் படுத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை பத்து மணியளவில், சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே, என்னோடு வந்த நண்பர் ஓர் ஆண் எல்க்கை வீழ்த்தினார். அருகில் போய் நின்றபோதுதான் அதன் அளவு புரிந்தது. நம் கடமானின் உறவினம் என்று நினைத்துப் போனவன் நான்; கிடந்ததோ ஒரு நாட்டுக் காளையைவிடப் பெரிய உடல், 300 கிலோ இருக்கும். வயிற்றைத் திறந்ததும் குளிர்க் காற்றில் ஆவி புகைபோல எழுந்தது. தோலை உரித்து, கால்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டு, நிழலான மரக்கிளையில் காற்றுப்பட மாட்டி வைத்தோம். ஒரு பின்னங்கால் மட்டுமே எலும்போடு 60 பவுண்டுக்கு மேல் இருந்தது. அதை முதுகில் கட்டிக்கொண்டு விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தபோது இருபது அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினேன். இருவருமாக நான்கு நடை நடந்தோம். கடைசிப் பை வண்டியில் ஏறியபோது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஞாயிறு காலை கிளம்ப முடியவில்லை. திங்கள் நண்பகல்தான் வீடு வந்து சேர்ந்தேன். அலுவலகத்தில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குறுகிய வேட்டையைக் கணக்குப் போடுபவர்கள் எல்லாரும் எல்க் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்றுதான் கவலைப்படுகிறார்கள். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சியே 200 பவுண்டு வரும். அதை வீணாக்குவது கொலராடோவில் குற்றம். சனிக்கிழமை மாலை கடைசி வெளிச்சத்தில், சாலையிலிருந்து மூன்று மைல் தள்ளி ஓர் ஆண் எல்க் நின்றால், மறுநாள் விடியலில் ஊர் திரும்ப வேண்டிய ஒருவர் விசையை அழுத்தக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். ஓர் உயிரை எடுக்கும் முன் அதைச் சுமந்து வருவதற்கான நேரம் நம் கையில் இருக்க வேண்டும்.

வாய்ப்பைப் பற்றி ஒரு சொல். கொலராடோவில் ஏறத்தாழ 2,80,000 எல்க்குகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. அப்படியிருந்தும் ஓர் ஆண்டில் வேட்டைக்குப் போகும் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. அந்த ஐந்து பேரில் உள்ளூர்க்காரரும், காட்டை நன்கு அறிந்தவரும், ஒரு வாரம் தங்குபவரும் அடக்கம். வெளிமாநிலத்தவருக்கான ஆண் எல்க் உரிமமோ 800 டாலர் அளவில் இருக்கிறது.

இனி விசா. இதை மிகவும் கவனமாகப் படியுங்கள். எச்-1பி போன்ற குடியேற்றம் சாரா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை 1998-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத் திருத்தம் தடை செய்கிறது. அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் உரிமம் இல்லாமல் துணையாகப் போகும்போது, வேலியைத் தாண்டும் நேரத்தில் நண்பர், ‘இதைக் கொஞ்சம் பிடி’ என்று துப்பாக்கியை நீட்டினாலும் கையில் வாங்கக் கூடாது. முன்கூட்டியே அவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார். கொலராடோவில் கஞ்சா கடையில் விற்கிறது என்பதற்காக அதன் பக்கம் போகாதீர்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், துப்பாக்கி உரிமையையும் குடியேற்ற நிலையையும் ஒருசேரக் கெடுத்துவிடும். துப்பாக்கி தொடர்பான சிறு குற்றத் தீர்ப்புகூட நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம். ஆகவே துப்பாக்கியைத் தொடும் எண்ணம் இருந்தால், முதலில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே தயாராக விரும்பினால், டெக்சஸிலேயே வேட்டைக் கல்விப் படிப்பை முடித்துச் சான்றட்டை பெற்றுக்கொள்ளுங்கள். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் பொதுவாக அந்த அட்டை இல்லாமல் கொலராடோ உரிமம் வாங்க முடியாது. டெக்சஸ் அட்டை அங்கும் செல்லும். பிறகு முறையாக டெக்சஸ் உரிமம் எடுத்து, டெக்சஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் உள்ள ஏதாவது பண்ணையில் புள்ளிமான் வேட்டைக்குப் போகலாம். நம் ஊர்ப் புள்ளிமானேதான். 1930-களில் கொண்டுவந்து விட்டார்கள், இன்று பெருகிக் கிடக்கிறது. வெளிநாட்டு இனம் என்பதால் ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. டாலஸிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு நாள் விடுப்பு தாராளமாகப் போதும். அதில் குறி வைக்கவும், உரிக்கவும், இறைச்சியைக் கெடாமல் குளிர வைக்கவும் கற்றுக்கொண்ட பின், ஒன்பது நாள் விடுப்பைச் சேமித்து எல்க்குக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. உரிமம் வாங்காமல் துணையாக மட்டும் வந்தால் நண்பருக்குச் சுமையாக இருப்பேனோ என்பதுதான் தயக்கம்.

மறுமொழி

வணக்கம் தம்பி, நான் மேற்குக் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் வசிக்கிறேன். என் கணவர் ஆண்டுதோறும் போவார், நானும் உரிமம் இல்லாமல் மூன்று முறை கூடப் போயிருக்கிறேன். சுமை தூக்க இன்னொரு முதுகு இருப்பதை எந்த எல்க் வேட்டைக்காரரும் சுமையாக நினைக்க மாட்டார். விடியற்காலையில் தொலைநோக்கி வைத்து எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டு கண்ணைவிட நான்கு கண் மேல். காலையில் காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். அதனால் உங்கள் மணம் எல்க்குக்குப் போகாத பக்கம் எது என்பதை ஒவ்வொரு முறையும் நண்பரிடம் கேட்டு நடங்கள்.

உரிமம் உள்ளவர் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும், தொப்பியும் அந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துணையாக வருபவரும் அதையே அணியுங்கள். முடிந்தால் புதன் மாலையே டாலஸிலிருந்து கிளம்பி, வியாழன் இரவை மலைக்கு ஏறாமல் மீக்கரிலேயே கழியுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். நண்பருக்கு எல்க் கிடைத்து உங்களுக்கும் பங்கு கொடுத்தால், அவர் பெயர், உரிம எண், தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றையும் கேட்டு வாங்கி, ஐஸ் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வனவிலங்கு அதிகாரி நிறுத்தினால் காட்ட வேண்டியது அதுதான். மூளை, தண்டுவட எலும்பு எதையும் ஏற்றாதீர்கள். மான் இனங்களுக்கு வரும் மெலிவு நோய் காரணமாகப் பல மாநிலங்கள் அவற்றை எல்லைக்குள் விடுவதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சிக்கு அந்தத் தடை கிடையாது.