ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயங்குகிறது, வாரண்டி முடிந்து 23 நாள்: உதவி தேவை

இரவுப்பயணி:
அவசரம். ஓராண்டுக்கு முன் வாங்கிய பழைய கார். இன்று காலை ரிவர்ஸ் போட்டதும் மூன்று நான்கு நொடி அசையவே இல்லை, பிறகு திடுக்கென்று பின்னால் பாய்ந்தது. சுவரில் மோதாமல் தப்பித்தேன். ஓடும்போதும் உதறுகிறது. விற்றவர் கொடுத்த ஓராண்டு வாரண்டி முடிந்து 23 நாள்தான் ஆகிறது. கியர்பாக்ஸை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறது பணிமனை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாற்றலாமா?

நிழல்மரம்:
எந்த வகை ஆட்டோமேட்டிக்? என்ஜின் விசையை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டரா, பெல்ட்டில் ஓடும் சிவிடியா, இரட்டைக் கிளட்சா, மேனுவல் கியரைத் தானே மாற்றும் ஏஎம்டியா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? உதறல் எந்த வேகத்தில்?

கிரீஸ் கை:
ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வான சோலினாய்டுதான். அது இருக்கும் வால்வு பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். கியர்பாக்ஸை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திசைமானி:
முதலில் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அது தளர்ந்தால் கியர்பாக்ஸின் கணினி தாறுமாறாக நடந்துகொள்ளும்.

முப்பதாண்டு மெக்கானிக்:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? கியர்பாக்ஸ் வகை, ஓடிய தூரம், பிழைக்குறியீடு, ஆயிலின் நிறம். இந்த நான்கையும் சொல்லாமல் கேட்பது, நோயாளியைக் காட்டாமல் மருந்துச் சீட்டு கேட்பதற்குச் சமம். பதில் சொல்கிறவர்களும் கேட்காமலேயே சோலினாய்டு, பேட்டரி என்று எழுதுகிறார்கள். தம்பி, விவரத்தோடு வாருங்கள்.

இரவுப்பயணி:
மன்னியுங்கள் ஐயா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். 6 கியர், டார்க் கன்வெர்ட்டர். 94,000 கிலோமீட்டர். குறியீடு பி0700. ஆயில் மாற்றியதில்லை, அது ஆயுட்கால ஆயில், தொடவே வேண்டாம் என்று விற்றவர் சொன்னார். 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஓடுவதுபோல் அதிர்கிறது.

முப்பதாண்டு மெக்கானிக்:
பி0700 என்பது, கியர்பாக்ஸின் கணினி தன்னிடம் ஒரு பிழை பதிவாகியிருப்பதாக என்ஜின் கணினிக்குத் தெரிவிப்பது மட்டுமே. என்ன பிழை என்பது உள்ளே இருக்கும். கியர்பாக்ஸ் கணினியையும் படிக்கக்கூடிய ஸ்கேனரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதைக்கூடச் செய்யாமல் முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கிரீஸ் கை:
94,000 வரை மாற்றாத ஆயிலை இப்போது மாற்றினால் உள்ளதும் கெட்டுவிடும். தேய்ந்த கிளட்ச் தட்டுகளுக்கு அந்தப் பழைய ஆயிலில் மிதக்கும் துகள்தான் பிடிமானம்.

நிழல்மரம்:
இந்த நம்பிக்கையால் எத்தனை கியர்பாக்ஸ்கள் வீணாயின! கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஆயுட்கால ஆயில் என்று கார் கையேட்டில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை.

கிரீஸ் கை:
அது அவர்கள் கியர்பாக்ஸுக்கு. ஆயில் மாற்றிய மறுவாரமே நின்றுபோன வண்டிகளை என் கையால் பிரித்திருக்கிறேன்.

நிழல்மரம்:
அவற்றில் கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே பிடிக்காமல் வழுக்கத் தொடங்கியிருக்கும். வழுக்கிய பிறகுதானே பலர் ஆயிலையே நினைக்கிறார்கள்? பழி மட்டும் புது ஆயிலின் மேல். எந்திரம் வைத்து அழுத்தத்தில் அடித்துக் கழுவுவது வேறு, வடித்துவிட்டு அதே அளவு ஊற்றுவது வேறு. நான் சொல்வது இரண்டாவதை.

மலைப்பாதை:
இந்த வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இரவுப்பயணி, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைகிறதா?

இரவுப்பயணி:
ஆமாம், மூன்று மாதத்தில் இரண்டு முறை ஊற்றினேன். அதற்கும் கியருக்கும் தொடர்பில்லை என்று நினைத்து எழுதவில்லை.

மலைப்பாதை:
வண்டியை இனி ஓட்டாதீர்கள். பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதில் விரிசல் விழுந்தால் ஆயிலும் கூலன்டும் கலந்துவிடும். என்ஜினை நிறுத்திய பிறகு ரேடியேட்டரில் மிஞ்சும் அழுத்தம் கூலன்டை ஆயிலுக்குள் தள்ளும். கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு காகிதம் போன்றது, பசையால் ஒட்டப்பட்டது. நீர் பட்டால் ஊறி உரிந்துவிடும்.

ஒரு சொட்டு ஆயிலை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பென்றால் நல்லது. கருத்துத் தீய்ந்த வாடை வந்தால் தட்டு எரிந்திருக்கிறது. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் கூலன்ட்தான்.

முப்பதாண்டு மெக்கானிக்:
மலைப்பாதை சொல்வது சரி. கூலன்டைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும். தம்பி, பழைய ரேடியேட்டரோடு வேறு கியர்பாக்ஸைப் பொருத்தியிருந்தால் அதுவும் இதே வழியில் போயிருக்கும்.

திசைமானி:
வாரண்டி இருந்தபோது கூலன்ட் குறைவதைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா? பணிமனையின் ஜாப் கார்டில் அது பதிவாகியிருந்தால், குறை வாரண்டிக்குள் தொடங்கியது என்பதற்கு அதுதான் சான்று. தாளைத் தொலைத்துவிடாதீர்கள். விற்றவரிடம் வாய்மொழியாகப் பேசாமல், தேதியிட்டு எழுதிக் கொடுங்கள்.

இரவுப்பயணி (நான்கு நாள் கழித்து):
ஆயில் பால்போல இளஞ்சிவப்பாக இருந்தது. தாளில் விட்ட சொட்டைச் சுற்றி ஈர வளையம் தனியாகப் படர்ந்தது. வண்டியை வேறு பணிமனைக்கு இழுத்துச் சென்றார்கள். ரேடியேட்டர் மாற்றியாயிற்று, கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜாப் கார்டு கிடைத்தது, பத்தாவது மாதத்தில் ‘கூலன்ட் குறைவு’ என்று எழுதியிருக்கிறது. விற்றவருக்கு நகல் அனுப்பியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

மலைப்பாதை:
தட்டுகள் தப்பித்தனவா? டார்க் கன்வெர்ட்டரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கலங்கிய ஆயில் அதற்குள்ளும் தங்கிவிடும்.

நிழல்மரம்:
விற்றவர் என்ன சொன்னார்?