1986 தாமஸ் ஹார்டி ஏல்: வெந்தய வாசனை வேற யாருக்காவது வந்திருக்கா?

செம்புத்தண்ணி:

2019 டிசம்பர், டார்செஸ்டர். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர், 78 வயசு, சமையல்கட்டு மேஜைமேல ஒரு குட்டி பாட்டிலைக் கொண்டுவந்து வச்சார். லேபிள்ல 1986, கூடவே வரிசை எண். தாமஸ் ஹார்டி ஏல், வருஷக்கணக்கா வச்சுக் குடிக்கற கனமான இங்கிலீஷ் பீர். இங்க யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. மகள் பிறந்த வருஷம் வாங்கி, மாடிப்படிக்குக் கீழ இருக்கற அலமாரில நிக்க வச்சிருக்கார். 33 வருஷம். அதைக் காய்ச்சின எல்ட்ரிஜ் போப் கம்பெனி இருந்த இடம் இப்போ ப்ரூவரி ஸ்கொயர்ங்கற பேர்ல சினிமாவும் கடையுமா ஆயிடுச்சு. அவர்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதை மூணு பங்கா ஊத்தினார்: மகளுக்கு, அவருக்கு, எனக்கு.

மூடி திறந்தப்ப சத்தமே இல்லை. நுரையும் இல்லை. துலக்காத செம்புப் பாத்திரத்தோட நிறம், ஜன்னல் பக்கம் தூக்கினா ஓரத்துல மட்டும் சிவப்பு. மூக்குக்குக் கிட்ட கொண்டுபோனேன். ரொம்பத் தெரிஞ்ச ஒரு நெடி, ஆனா அது பீர்ல இருக்க வேண்டியது இல்லைன்னு தோணிச்சு. யோசிக்காம வாய்விட்டே சொல்லிட்டேன், "இது கெட்டுப்போச்சு போல இருக்கே"ன்னு.

அவர் கிளாஸைத் தூக்கிட்டிருந்தார். கை பாதியில நின்னுது. மகள் என்னைப் பார்த்தாங்க. அவர் ஒண்ணும் சொல்லலை, மெதுவா ஒரு வாய் குடிச்சுட்டு கிளாஸைக் கீழ வச்சார். நான் என் பங்குல பாதியைக் குடிக்காமலே விட்டுட்டேன்.

அடுத்த வருஷம் வேலை மாறி ரெடிங் வந்துட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை வத்தக்குழம்புக்கு வெந்தயம் வறுத்துட்டிருக்கேன். சிவக்க ஆரம்பிச்சதும் ஒரு வாசனை எழும்பும் பாருங்க. அப்படியே நின்னுட்டேன், வெந்தயம் கருகறதுகூட தெரியலை. அன்னிக்கு கிளாஸ்ல இருந்தது அதேதான். எங்க வீட்டு அடுப்படி வாசனையைத்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கேன்.

வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா? இல்லை, என் மனசு செய்யற வேலையா?


மிடில்டன் ரோடு:

உங்க மனசு கஷ்டப்படுது, புரியுது. ஆனா பழசானா எல்லாமே நல்லதுன்னு முடிவு கட்டிடாதீங்க. பல பாட்டில் உண்மையாவே கெட்டுத்தான் போயிருக்கும்.

நான் மான்செஸ்டர். ஜே.டபிள்யூ. லீஸ் ஹார்வெஸ்ட் ஏல் தெரியும்ல, 1986லேர்ந்து வருஷா வருஷம் புது அறுவடை பார்லியில காய்ச்சறது, ஆல்கஹால் 11.5 சதவீதம். நண்பர் ஒருத்தர் நாலு வருஷத்து பாட்டில்களை வரிசையா வச்சு ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். அதுல 2003 மட்டும் ரெண்டு இருந்தது. ஒரே கடையில, ஒரே நாள்ல, ஒரே அட்டைப்பெட்டியில வாங்கினது. முதலாவது, பேரீச்சம்பழத்தை வெல்லப்பாகுல போட்டு அதுக்கு மேல கொஞ்சம் காரம் ஏத்தின மாதிரி. எல்லாரும் பேச்சை நிறுத்திட்டோம். ரெண்டாவதைத் திறந்தா மழையில நனைஞ்ச அட்டை. வேற எந்த வார்த்தையும் பொருந்தாது. நாக்குல காகிதம் ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்தது.

அந்த ரெண்டு கிளாஸையும் மாத்தி மாத்தி முகர்ந்துட்டே இருந்தேன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இத்தனை வருஷம் நின்னிருக்கு. ஒண்ணோட மூடி சரியா கவ்விப் பிடிச்சிருக்கு, இன்னொண்ணு காத்தை உள்ள விட்டிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசமா இருக்க முடியும். அதனால செம்புத்தண்ணி சொன்ன பாட்டிலும் கெட்டதா இருந்திருக்கலாம். நீங்க உண்மையைத்தான் சொல்லியிருப்பீங்க.


கோதும்பி:

மிடில்டன் சொல்றதுல பாதி சரி. அட்டை வாசனைக்கும் வெந்தய வாசனைக்கும் காரணம் வேற வேற.

நாட்டிங்ஹாம் பக்கம் ப்ரூயிங் படிச்சேன். வாசனைப் பயிற்சின்னு ஒரு வகுப்பு. பீர்ல ஒவ்வொரு பொருளா கலந்து கிளாஸ் கிளாஸா வைப்பாங்க, என்னன்னு எழுதணும். ஒரு கிளாஸை முகர்ந்ததும் கை தானா தமிழ்ல "வெந்தயம்"னு எழுதிடுச்சு. பக்கத்துல இருந்த பையன் "கறிப் பவுடர்"னு எழுதியிருந்தான், இன்னொரு பொண்ணு "பழைய ஷெர்ரி ஒயின்". மூணும் சரின்னு வாத்தியார் சொன்னார். அது சோட்டலான்ங்கற பொருள். வெந்தயத்துக்கு அந்த வாசனையைக் கொடுக்கறதே அதுதான். வெந்தயம் நிறைய சாப்பிட்டா வேர்வையில வாசனை வருதே, அதுவும் இதாலதான். நாட்டுச்சர்க்கரையில இருக்கு, நாள்பட்ட ஷெர்ரியில இருக்கு, வருஷக்கணக்கா நின்ன கனமான ஏல்லயும் உண்டாகும். ஒரு லிட்டர்ல சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சுடும். குறைவா இருந்தா வெல்லப்பாகு, ஏற ஏற வெந்தயம்.

மிடில்டனோட அட்டை வாசனை வேற ஒரு பொருளால வருது, நானெனால்னு சொல்வோம். அது குறை. சோட்டலான் குறை இல்லை, 12 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கற பீர் நல்லா முதிர்ந்ததோட அடையாளம். செம்புத்தண்ணி, நீங்க முகர்ந்தது வெந்தயம்னா அந்தப் பாட்டில் நல்லாத்தான் இருந்திருக்கு.

எனக்கு இன்னிக்கும் உறுத்தறது ஒண்ணு இருக்கு. அந்த வகுப்புல "வெந்தயம்"ங்கற சொல்லை அடிச்சுட்டு, பக்கத்துல இருந்த பொண்ணைப் பார்த்து "ஷெர்ரி"ன்னு மாத்தி எழுதினேன். வாத்தியார் அடிச்சதைப் படிக்கச் சொல்லி என்னன்னு கேட்டதாலதான் வெளியே வந்தது. ஷெர்ரியை நான் அதுவரைக்கும் குடிச்சதே இல்லை.


ட்ரென்ட் ஆத்தடி:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது பேர்ட்டனில. உங்கட கதைகளை வாசிச்ச பிறகு எழுதாமல் இருக்க முடியேல்ல.

பாஸ் எண்ட பியர்க் கொம்பனியின்ர கிங்ஸ் ஏல், 1902. மாசி 22, ஏழாம் எட்வேர்ட் அரசர் இஞ்ச வந்து தன்ர கையால மால்ட் (முளைக்க வைச்ச பார்லி) கலக்கிறதைத் துவக்கி வைச்சவர், அதுதான் அந்தப் பேர். பழைய போத்தில் சேர்க்கிற நண்பர் ஒருத்தர் ஒண்டை உடைச்சார். கோர்க் தூள்தூளாப் போச்சுது, தேத்தண்ணி வடியாலதான் வடிச்சது. எனக்குக் கிடைச்சது ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. கறுத்த தேன் மாதிரி, கிளாஸை ஆட்டினால் பக்கத்தில ஒட்டிக்கொண்டு மெள்ள இறங்குது.

வாயில வைச்ச உடன வந்தது மாமைற், ஈஸ்ட்டில செய்யிற அந்த உப்புப் பசை. பிளம்ஸ், பழைய மரப்பெட்டி எல்லாம் பிறகு வந்தது. முதல் வந்தது மாமைற்தான். சின்னனில காய்ச்சல் வந்தால் அம்மா சுடுதண்ணியில மாமைற் கரைச்சு, தேசிக்காய் விட்டுத் தருவா. அந்த எனாமல் கோப்பையின்ர விளிம்பு உடைஞ்சிருக்கும், அந்தப் பக்கத்தை விட்டுட்டுக் குடிக்கவேணும். எனக்கு அரசரும் தெரியேல்ல, 1902உம் தெரியேல்ல. அந்தக் கோப்பைதான் தெரிஞ்சது.

மாமைற் கொம்பனி துவங்கினதும் அதே 1902, இதே பேர்ட்டனில, பாஸ்காரரின்ர ஈஸ்ட்டை வாங்கித்தான். எத்தினை வருசம் இந்த ஊரில இருந்தும் இது ரெண்டையும் நான் சேர்த்து யோசிக்கேல்ல, நாக்குத்தான் சேர்த்தது. போத்திலுக்க ஈஸ்ட் செத்துக் கரைஞ்சால் அந்த ருசி வரும் எண்டு நண்பர் சொன்னார்.

அட்டைப்பெட்டி மணம் துளியும் இல்லை, மிடில்டன். நூறு வருசத்துக்கு மேல இருந்த போத்தில்.


ஹவுன்ஸ்லோ மூணாவது மாடி:

எல்லாரும் குடிச்ச கதையைச் சொல்றீங்க, வச்சுக் காப்பாத்தற விதத்தை யாரும் சொல்லலை. நான் அனுபவப்பட்டு கத்துக்கிட்டது. ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல் 2010, சிஸ்விக்ல போய் பெட்டியோட வாங்கினேன். ஃபிரிட்ஜ்க்கு மேல ஏழு வருஷம் வச்சிருந்தேன். திறந்தா சோயா சாஸ்ல தண்ணி ஊத்தின மாதிரி. மனைவி கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வை மறக்கலை. எங்க கல்யாண வருஷத்து பாட்டில் அது.

ஃபிரிட்ஜோட மோட்டார் சூடு பின்னாடி வழியா மேல ஏறும்கறது எனக்குத் தோணவே இல்லை. தயவுசெஞ்சு யாரும் அப்படி வைக்காதீங்க. 12, 13 டிகிரிதான் சரி. முக்கியமா அது ஏறி இறங்கக் கூடாது, கோடையில 25 போய் குளிர்ல 8க்கு வந்தா மூடி இளகி இளகி காத்து போகும். லண்டன் ஃப்ளாட்ல எங்க போறதுன்னு கேப்பீங்க. வடக்குப் பார்த்த சுவரை ஒட்டின அலமாரி, தரையோட இருக்கற கீழ்த்தட்டு, ஹீட்டர் குழாய் போகாத பக்கமா பார்த்து வைங்க. அட்டைப்பெட்டியோடயே வைங்க, வெளிச்சம் படக் கூடாது. தகர மூடி போட்டதை நிக்க வைக்கணும். படுக்க வச்சா காத்து படற பரப்பு கூடும், அடிமண்டியும் பக்கவாட்டுல ஒட்டிக்கும். ஒயின் மாதிரி படுக்க வைக்கணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அசைக்காம விடுங்க. ஃபிரிட்ஜ்ல வச்சு ஜில்லுன்னு குடிச்சா வாசனை எழும்பாது, காசு வீண். ஊத்தும்போது ஒரே சாய்ப்புல ஊத்தணும், நிமிர்த்தி நிமிர்த்தி ஊத்தினா மண்டி கலங்கிடும். ஊத்தின உடனே குடிக்காதீங்க, கால் மணி நேரம் விடுங்க. முதல்ல மூடின அறை மாதிரி ஒரு வாசனை வரும், அது போயிடும். கூட காரம் எதுவும் வேண்டாம், ஸ்டில்டன் சீஸ் ஒரு துண்டு போதும். ஒரே வருஷத்துல ரெண்டு வாங்கறதுக்குப் பதிலா ஆறு வாங்குங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணா திறந்து பாருங்க. எந்த வருஷம் உச்சத்துல இருக்குன்னு அப்போதான் பிடிபடும். நான் இப்போ அப்படித்தான் செய்யறேன்.


மதுரைக்காரப் பொண்ணு:

ஹவுன்ஸ்லோ அண்ணா, நீங்க சொன்னது எல்லாம் சரி. ஆனா அந்த டார்செஸ்டர் பெரியவர் இதுல எதையுமே செய்யலையே. மாடிப்படிக்குக் கீழ வச்சார், 33 வருஷம் கழிச்சு எடுத்தார், நல்லா இருந்தது. செம்புத்தண்ணி அண்ணா கேட்டதும் வேற.

நான் வச்சிருந்தது எல்ட்ரிஜ் போப்புக்கு அப்புறம் ஓ'ஹான்லன்ஸ் கம்பெனி காய்ச்சின தாமஸ் ஹார்டி, 2008. டெவன்ல அவங்க காய்ச்சின கடைசி வருஷம். அப்பா மதுரையிலேர்ந்து முதல் தடவை வந்தப்ப திறந்தேன். அப்பாவுக்கு பிராந்தி பழக்கம் உண்டு. பீரை "கசப்புத்தண்ணி"ன்னு தொடமாட்டார். என் முன்னாடி அதுவரைக்கும் குடிச்சதே இல்லை. நான் ஊத்திக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் கிளாஸைத் தொடாம உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு வாய். கண்ணை மூடிக்கிட்டார். "ஏம்மா, இது நம்ம தீபாவளி லேகியம்ல?" அப்படின்னார்.

அதேதாங்க. வெல்லம், சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய் ஊத்திக் கிண்டி கையில ஒட்டாம வர்ற பதம். ஆச்சி கிண்டற லேகியத்துல அடிப்பிடிச்ச ஓரத்துக்கு நானும் தம்பியும் அடிச்சுக்குவோம். இது அந்த ஓரம். மால்ட் சாறை மணிக்கணக்கா கொதிக்க விடறாங்க இல்லையா, அதனாலதான் அந்தக் கருக்கல் இனிப்பு வருதுன்னு நினைக்கிறேன். கோதும்பி இருந்தா சொல்லட்டும்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"ன்னு அப்பா கேட்டார். நான் அடிமண்டின்னு சொல்லி பாட்டில்ல கடைசி ரெண்டு விரக்கடையை சிங்க்ல கொட்டிட்டேன். அவர் கேட்டுட்டிருக்கும்போதே குழாய் ஓடிட்டிருந்தது. அடிமண்டி ஈஸ்ட்தான், ஒண்ணும் செய்யாது, கொடுத்திருக்கலாம். அவர் எங்கிட்ட இன்னும் வேணும்னு கேட்டது அன்னிக்கு ஒரு தடவைதான்.

செம்புத்தண்ணி அண்ணா, அந்தப் பெரியவர் விலாசம் இருக்கா?


கோதும்பி:

ஆமா, நீளமா கொதிக்க விடறதும் ஒரு காரணம். மால்ட் சர்க்கரையும் புரதமும் சூட்டுல சேர்ந்து சிவக்கும். லேகியத்துலயும் நடக்கறது அதேதான்.


மிடில்டன் ரோடு:

ட்ரென்ட் ஆத்தடி அண்ணே, 1902க்கு கார்க் போட்டிருந்தாங்க, மேல மெழுகும் இருந்திருக்கும். நான் சொன்னது தகர மூடி. ரெண்டையும் ஒப்பிட முடியாது. ஃபுல்லர்ஸ் வின்டேஜ் 8.5 சதவீதம்தான், அதை ஹார்டியோட ஒரே வரிசையில வைக்கறதும் எனக்கு சரியாப் படலை. பத்துக்குக் கீழ இருக்கறது ஏழு வருஷம் தாங்கலைன்னா அதுல ஆச்சரியம் இல்லை.

ஆனா செம்புத்தண்ணி, கோதும்பி சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க முகர்ந்தது வெந்தயம்னா நான் சொன்னது தப்பு. அது நல்ல பாட்டில்.


ஹவுன்ஸ்லோ மூணாவது மாடி:

8.5 ஆனாலும் 1997லேர்ந்து வருஷம் போட்டு, எண் போட்டு, வச்சுக் குடிக்கறதுக்குன்னே விக்கறாங்க. 1999 நான் 2018ல குடிச்சேன், நல்லா இருந்தது. கெடுத்தது சதவீதம் இல்லை, என் ஃபிரிட்ஜ்.


செம்புத்தண்ணி:

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். விலாசம் இருக்கு. அவர் இப்போ எக்ஸிடர்ல மகள் வீட்ல இருக்கார், கிறிஸ்துமஸ் கார்டு மட்டும் தவறாம வரும்.

நேத்து ராத்திரி லெட்டர் எழுதினேன். உங்க பாட்டில் கெடலை, நான்தான் தப்பா சொன்னேன்னு எழுதினேன். என்ன வாசனைன்னு இங்கிலீஷ்ல எழுதிப் பார்த்தேன், எப்படி எழுதினாலும் சரியா வரலை. ரெண்டு ஸ்பூன் வெந்தயத்தை லேசா வறுத்து, ஆறவச்சு, சின்ன கண்ணாடி டப்பாவுல போட்டு இறுக்கி மூடி, திறந்து முகர்ந்து பாருங்கன்னு மேல ஒட்டியிருக்கேன். காலையில தபால்ல போட்டாச்சு.