கிணற்று நீரில் குளோரைட்டு நியமிப்பு: ஒரே கிணறு, ஆறு விடை

உப்புவெளி_ஆசிரியை:
வணக்கம். தரம் 12 தொழினுட்பத் துறைப் பிள்ளைகளுக்கு, ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு வேண்டிய கைப்பழக்கமாக, நிலாவெளிப் பக்கத்துக் கிணற்று நீரில் குளோரைட்டு அளக்கப் பழக்குகிறோம். அளவியிலிருந்து (துளித்துளியாக விடும் அளவுக்குழாய்) விடுவது லீற்றருக்கு 0.0141 மோல் வெள்ளி நைத்திரேற்று, குளோரைட்டு முடிந்ததை நிறத்தால் காட்டும் காட்டி பொற்றாசியங் குரோமேற்று, ஒரு தடவைக்கு 25 மி.லீ. நீர். கிணறு ஒன்றுதான். ஆனால் ஆறு குழுக்களின் விடை லீற்றருக்கு 180 மி.கி. தொடக்கம் 310 மி.கி. வரை போகிறது. சில குடுவைகள் கடுங்கபிலமாகிவிடுகின்றன. தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகப் பற்றரித் தண்ணீர் பாவிக்கிறோம். எதை முதலில் திருத்துவது?

பிறையுரு:
மிஸ், அந்த வித்தியாசத்தை முதலில் அளவி வாசிப்பாக மாற்றிப் பாருங்கள். இந்த வன்மையில் (செறிவில்) 1 மி.லீ. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் 0.5 மி.கி. குளோரைட்டுக்குச் சமன், 25 மி.லீ. நீருக்கு வாசிப்பை 20 ஆல் பெருக்கினால் லீற்றருக்கான விடை வந்துவிடும். 130 மி.கி. என்றால் 6.5 மி.லீ. நிறத்தைப் பிந்திக் கண்டால் அரை மி.லீ. பிழைக்கும், அளவி நுனியில் காற்றுக்குமிழ் நின்றால் இன்னும் கொஞ்சம் பிழைக்கும். 6.5 மி.லீ. அப்படிப் பிழைக்காது. நீர் எப்படி எடுக்கப்பட்டது? ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக அள்ளியதா?

உப்புவெளி_ஆசிரியை:
ஆம். சிலர் வாளியால் மேலே அள்ளினார்கள், சிலர் மோட்டர் ஓடும்போது குழாயில் பிடித்தார்கள்.

பிறையுரு:
அதுதான் காரணமாக இருக்கும். கரையோர மணலில் நன்னீர், பாரமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலுள்ள உப்பு எல்லை ஏறத்தாழ 40 அடி ஏறப் பார்க்கும். மோட்டர் ஓட ஓட உவர்நீர் மேலே இழுபடும். ஒரே போத்தலில் எடுத்து, குலுக்கி, ஆறு குழுவுக்கும் பிரித்துக் கொடுங்கள். போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசவேண்டும். கூம்புக்குடுவையை மட்டும் அப்படி அலசக்கூடாது. ஒட்டிநிற்கும் நீரும் கணக்கில் ஏறிவிடும். அதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான்.

கனமானக்குடுவை:
பற்றரித் தண்ணீரைப் பரிசோதிக்காமல் நம்பவேண்டாம். சோதனைக்குழாயில் கொஞ்சம் எடுத்து ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விடுங்கள். பால்போல் மங்கினால் அது உதவாது.

தராசுக்கு வழி இருக்கிறது. நியமக் கரைசலுக்கு (வன்மை திட்டமாகத் தெரிந்த உப்புக் கரைசல்) லீற்றருக்கு 0.824 கிராம் சோடியங் குளோரைட்டு வேண்டும். 0.01 கிராம் தராசில் அதை நிறுத்தால் வழு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டும். 8.24 கிராம் நிறுத்து ஒரு லீற்றராக்கி, அதில் 100 மி.லீ. எடுத்து மறுபடி ஒரு லீற்றராக்குங்கள்; வழு பத்திலொன்றாகக் குறையும். கடை உப்பு வேண்டாம், அதில் அயடீனும் ஈரமும் உண்டு. ஆய்வுகூட உப்பை 140 பாகை செல்சியசில் உலர்த்தி, ஆறவிட்டு நிறுக்கவேண்டும்.

வெள்ளி நைத்திரேற்றை 2.40 கிராம் அளவில் நிறுத்து ஒரு லீற்றராக்கினால் போதும், ஏனெனில் அதன் வன்மையை நியமம்தான் சொல்லப்போகிறது. நியமம் 10 மி.லீ. எடுத்து 25 ஆக்கி நியமியுங்கள். வெற்று வாசிப்பை (காய்ச்சி வடித்த நீருக்கும் காட்டிக்கும் மட்டும் வரும் வாசிப்பு) கழித்தபின் 10.0 வரவேண்டும். 10.3 வந்தால் எல்லா விடையையும் 0.97 ஆல் பெருக்குங்கள். கபிலப் போத்தலில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் கெடும்.

செங்கபிலம்:
கடுங்கபிலம் என்றால் முடிவுப் புள்ளி தாண்டிவிட்டது. மஞ்சளில் மெல்லிய செங்கபிலச் சாயல் முதன்முதல் வந்து, குலுக்கியும் மறையாவிட்டால் நிறுத்தவேண்டும். முடிவுக்குச் சற்று முன் நிறுத்திய ஒரு குடுவையை வெள்ளைத்தாளில் பக்கத்தில் வைத்தால் கண் பழகும். 5 சதவீதக் காட்டி ஐந்து துளி போதும், எல்லாக் குடுவைக்கும் ஒரே அளவு. கூடினால் செந்நிறம் முந்தி வரும், குறைந்தால் பிந்தும். நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7 க்கும் 10 க்கும் இடையில் இருக்கவேண்டும். நீர் அமிலமாக இருந்தால் குரோமேற்று இருகுரோமேற்றாக மாறி முடிவு பிந்தும். ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடலாம், வெற்றுக் குடுவைக்கும் அதே அளவு போடவேண்டும். கிணற்று நீரில் அழுகிய முட்டை மணம் இருந்தால் வெள்ளி கறுப்பாக வீழ்படியும். அந்த மாதிரியைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

வாசிப்பு 25 மி.லீ. ஐத் தாண்டினால் மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி, 200 ஆல் பெருக்குங்கள். வெள்ளியின் விலைக்கு அதுவே நல்லது.

கனமானக்குடுவை:
மதிப்பீட்டுக்குக் கிணற்று நீர் கொடுக்காதீர்கள், சரியான விடை உங்களுக்கே தெரியாதே. நியமம் 40 மி.லீ. ஐ 100 ஆக்கினால் 200 மி.கி. அளவைச் சொல்லாமல் கொடுங்கள். 190 க்கும் 210 க்கும் இடையில் வரவேண்டும், இரு வாசிப்பும் 0.1 மி.லீ. க்குள் ஒத்துப்போகவேண்டும். குறிப்பேட்டில் வெட்டிய எண்ணும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். தொழில் ஆய்வுகூடத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று மிக முக்கியம். குரோமேற்று புற்றுநோய் தரும் நஞ்சு. கையுறை கட்டாயம், குழாயியை (நீரை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாய்) வாயால் உறிஞ்ச விடவே கூடாது, இறப்பர் குமிழ்தான். கழிவைத் தொட்டியில் ஊற்றினால் மணலில் ஊறி நீங்கள் அளக்கும் அதே கிணற்று நீரில் சேரும். எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரு போத்தலில் சேர்த்து, பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள்.