ஊட்டியில் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கேட்டிங் தளம்: ஏலம் விடுவதா, ஊர் நடத்துவதா?

காந்தல்காரன்:
நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். ஊட்டிக்குச் சீசனும் மே மாதம். விளையாட நேரம் கிடைக்கிற அந்த ஒரு மாதத்தில்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் இடமே இருப்பதில்லை. பொட்டானிக்கல் கார்டன் புல்தரையை மலர்க் கண்காட்சிக்காக முன்கூட்டியே மூடி வளர்க்கிறார்கள். அது நியாயம்தான், 55 ஏக்கர் தோட்டத்துக்கு முகமே அந்தப் புல்தரை. ஆர்ட்ஸ் காலேஜ் மைதானத்துக்கு நாய்க் கண்காட்சி வந்துவிடும். போட் ஹவுஸ், ரோஜாப் பூங்கா இரண்டும் டிக்கெட் எடுத்துப் போகிற இடங்கள். அப்பா டாக்ஸி, அம்மா லாட்ஜ் என்று வீட்டில் எல்லாரும் சீசன் வேலையில் இருக்க, பையன்கள் வேன்களுக்கு நடுவே ரோட்டில் ஸ்கேட்டிங் விடுகிறார்கள். பார்க்கவே பதறுகிறது.

என் யோசனை இது. ரேஸ் கோர்ஸ் நிலம் 52 ஏக்கரை 2024ல் அரசு மீட்டுத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. சூழல் பூங்கா என்று திட்டம். அதில் ஒரு ஓரமாக, இரண்டு கூடைப்பந்து மைதானம் அளவுக்கு ஒரு ரோலர் ஸ்கேட்டிங் தளம் கேட்டு மனு கொடுப்போம். வருடம் முழுவதும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இலவசம். நகராட்சியும் வார்டு மக்களும் சேர்ந்து நடத்த வேண்டும். ஏலம் மட்டும் விடக் கூடாது.

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
அண்ணா, ஆசை நல்ல ஆசை. ஆனா இலவசம்னு சொன்ன அன்னிக்கே அந்த இடம் செத்துப் போகும். ஊஞ்சல் சங்கிலி அறுந்து, சறுக்குமரம் துருப்பிடிச்சுக் கிடக்கிற இலவசப் பூங்கா எத்தனை ஊர்ல பாத்திருக்கோம். டிக்கெட் போட்டாத்தான் ஒரு ஆள் காலையில வந்து கூட்டுவான், லைட் எரியும். 2025லேர்ந்து சீசனுக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு ஹைகோர்ட் உச்சவரம்பு வெச்சிருக்கு. வர்ற கூட்டத்துக்கு எல்லை வந்தாச்சு. இனி வர்றவங்க இன்னும் ஒரு மணி நேரம் கூடத் தங்குற மாதிரி ஏதாவது செஞ்சாத்தான் எங்க கல்லாவுல காசு விழும். ஸ்கேட்டிங் தளம் அதுக்குப் பொருத்தமான விஷயம். ஏலம் விடுங்க, எடுத்தவர் நல்லா நடத்தட்டும், நகராட்சிக்கும் வருமானம்.

சோலைப்புல்:
இரண்டு பேரும் இடத்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது போலப் பேசுகிறீர்கள். ரேஸ் கோர்ஸ் இருக்கும் இடம் எது? ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில் வெட்டிய ஏரி இன்றைய பஸ் ஸ்டாண்டையும் தாண்டிப் பரந்திருந்தது. ரேஸ் கோர்ஸ், பஸ் ஸ்டாண்ட், லேக் பார்க் எல்லாம் அந்த ஏரி சுருங்கிய நிலம். ஊரின் மழைநீர் இறங்கி வந்து நிற்கிற பள்ளம் அது. கோடப்பமந்து கால்வாய் நிரம்பினால் தண்ணீருக்கு ஒதுங்க அந்த வெளிதான் மிச்சம். பல வருடம் கழித்து அரசு கைக்கு வந்த ஈர நிலத்தில் முதல் வேலையாகக் கான்கிரீட் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. பிள்ளைகளுக்கு அங்கே புல்வெளி கேளுங்கள், நானும் கூட வருகிறேன். தளம் வேறு எங்காவது.

ஃபர்ன்ஹில் பையன்:
ரோலர் ஸ்கேட்டிங் எல்லா ஊர்லயும் இருக்குங்க. நம்ம ஊர்ல டிசம்பர், ஜனவரியில உறைபனி விழுது. தலைக்குந்தாவுல புல் எல்லாம் வெள்ளையாகுது. திறந்தவெளி ஐஸ் ஸ்கேட்டிங் போட்டா தென்னிந்தியாவே திரும்பிப் பாக்கும். குளிர்காலத்துக்கும் ஒரு சீசன் கிடைக்கும். பெரிசா யோசிங்க.

வெலிங்டன் டு டொரோண்டோ:
தம்பி, நான் குன்னூர் பக்கம் வளர்ந்தவன். இப்போ இருக்கிற ஊர்ல நகராட்சியே 50க்கும் மேல திறந்தவெளி ஐஸ் தளம் நடத்துது. அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

இங்கே அந்தத் தளங்கள் தானா உறையறதில்லை. கான்கிரீட்டுக்கு அடியில குழாய் ஓடும், அதுல குளிரூட்டிய உப்புக்கரைசல் சுத்தும். நவம்பர் கடைசியில திறந்து மார்ச் நடுவுல மூடுவாங்க. காத்து கொஞ்சம் சூடானாலும் ஐஸ் தாங்கும், வெயில்தான் தாங்காது. மார்ச்ல சூரியன் மேலே ஏற ஏற, குளிர் இருந்தாலும் மேல்பரப்பு கூழாயிடும். டொரோண்டோ பூமத்திய ரேகையிலேர்ந்து 43 டிகிரி வடக்கே. ஊட்டி 11 டிகிரி. ஜனவரியிலகூட நம்ம மத்தியான வெயில் இங்கத்த மார்ச் வெயிலை விட உசரம். விடியக்காலை உறைபனி ஒன்பது மணிக்குக் காணாம போறது உனக்கே தெரியும், பகல்ல 20 டிகிரி வரைக்கும் வரும். அந்த வெயிலோட மல்லுக்கட்டி ஐஸ் வெச்சிருக்க மின்சாரம் கொட்டணும். மலையில அது வேண்டாத வேலை.

ஆனா காந்தல் அண்ணா கேக்குற கேள்விக்கு இந்த ஊர்ல பதில் இருக்கு. உள்ளூர்க்காரங்க சும்மா சறுக்குறதுக்குக் காசு கிடையாது. ஒவ்வொரு தளத்துலயும் அட்டவணை தொங்கும்: இந்த நேரம் ஹாக்கி, இந்த நேரம் சும்மா சறுக்குறவங்க, இந்த நேரம் சின்னப் பிள்ளைங்க. டஃபரின் குரோவ்னு ஒரு பூங்கா இருக்கு. அங்கே அக்கம்பக்கத்து ஜனங்களே சேர்ந்து திறந்தவெளி அடுப்புல ரொட்டி சுட்டு, ஸ்கேட் இல்லாதவங்களுக்குச் சில டாலருக்கு வாடகைக்குக் குடுத்து அந்த இடத்தையே உயிரோட வெச்சிருந்தாங்க. நகராட்சி விதி ஒரு பக்கம், ஜனங்க செய்யற விதம் ஒரு பக்கம்னு பெரிய வாக்குவாதமும் நடந்துச்சு. சுமுகமா போச்சுன்னு நான் சொல்லல. ஐஸ் போன பிறகு கோடையில அதே கான்கிரீட்ல பந்து விளையாடறாங்க. சிட்டி ஹால் முன்னாடி இருக்கிற தளம் கோடையில தண்ணிக் குளமாயிடும்.

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
அங்கே சொத்து வரி கட்டுற அளவு என்ன, இங்கே என்ன? கனடா கணக்கை இங்கே இறக்காதீங்க தம்பி. அங்கே தளத்துக்குச் சம்பள ஆள் இருப்பாங்க. இங்கே சீசன் வந்தா இருக்கிற தூய்மைப் பணியாளர்களே ஓய்வில்லாம ஓடுறாங்க. அவங்க தலையில இன்னொரு இடத்தையும் கட்டுவீங்களா?

கேத்தி டீச்சர்:
பணிவாக ஒன்று சொல்கிறேன். பணம், இடம் இரண்டையும்தான் பேசுகிறீர்கள். அந்தத் தளத்தில் யார் இருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கே ஒரு தளம் திறந்தாலும் முதல் வாரம் பெண் பிள்ளைகளும் சின்னவர்களும் வருவார்கள். அடுத்த வாரம் பெரிய பையன்கள் வேகமாகச் சுற்ற ஆரம்பிப்பார்கள், பந்தும் கொண்டுவருவார்கள். மூன்றாவது வாரம் பெண் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் அவர்களை விரட்டியிருக்க மாட்டார்கள், ஆனாலும் வர மாட்டார்கள். டொரோண்டோ தம்பி சொன்ன அட்டவணைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலை 7 முதல் 9 வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதி, அந்த நேரத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் அங்கே நின்றால் வருவார்கள். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும் ஊர் இது, வெளிச்சம் வேண்டும். இது மூன்றும் இல்லாவிட்டால் இலவசமோ டிக்கெட்டோ, அது பெரிய பையன்களின் இடம்தான்.

காந்தல்காரன்:
டீச்சர் சொன்னதை மனுவில் அப்படியே சேர்க்கிறேன்.

கடைக்காரர் அண்ணனுக்கு: ஏலம் ஏன் கூடாது என்கிறேன் என்றால் அதன் கணக்கு அப்படி. நான் முன்பு வேலை பார்த்த ஒரு சமவெளி ஊரில் விளையாட்டுப் பூங்காவை மூன்று வருடக் குத்தகைக்கு விட்டார்கள். எடுத்தவர் முன்பணம் கட்டியவர். போட்ட பணத்தைக் கூட்டம் வரும் மாதங்களில்தான் எடுக்க முடியும். அதனால் விடுமுறையில் கட்டணத்தை ஏற்றினார், கூட்டம் இல்லாத மாதங்களில் பூட்டினார். அவர் கெட்டவர் இல்லை, வட்டி கட்டுகிறவர். ஊட்டியில் இது இன்னும் மோசமாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, அப்புறம் வடகிழக்கு மழை. ஈரத் தரையில் சக்கரம் வழுக்கும் என்பதால் நல்ல நாட்கள் குறைவு. அந்தக் குறைந்த நாட்களையும் காசு கொடுக்கிறவருக்கே கொடுப்பார். நம் பையனுக்குக் கிடைப்பது பூட்டிய கேட்.

பராமரிப்பை நான் லேசாக நினைக்கவில்லை. கான்கிரீட்டை வழவழப்பாகத் தேய்த்து, தண்ணீர் நிற்காமல் லேசான சரிவு வைத்து, இணைப்புகளை அடைக்க வேண்டும். நிழல் விழும் பக்கம் ஒரே மழையில் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்காமல் விட்டால் இடுப்பு முறியும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) காய் ஒன்று சக்கரத்தில் சிக்கினால் போதும், பிள்ளை முகம் குப்புற விழும். தினமும் கூட்டியே ஆக வேண்டிய தரை இது. இதற்கு முழு நேரச் சம்பளத்தில் ஒரு ஆள் வேண்டும், இருக்கிறவர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை.

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
அந்த ஆளுக்குச் சம்பளம் எங்கேயிருந்து? அதைத்தான் முதல்லேர்ந்து கேக்குறேன். நீங்க சொல்ற குத்தகை கோளாறு ஒப்பந்தத்தை எழுதுன விதத்துல. வருஷம் பூரா திறக்கணும், உள்ளூர் ஆதார் காட்டினா பாதிக் கட்டணம், மீறினா வைப்புத்தொகை போகும்னு எழுதுங்க. வார்டு கமிட்டின்னு சொல்றீங்களே, அதுல யார் உக்காருவாங்க? கட்சிக்காரங்கதான். ரெண்டு வருஷத்துல சாவி ஒரு வீட்டுப் பரண்ல இருக்கும். குத்தகைக்காரர் தப்புப் பண்ணினா கேக்கலாம், கமிட்டியை யாரு கேப்பாங்க?

சீசன் டிரைவர்:
பாதிக் கட்டணம்னா அது மாசத்துக்கு எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டீங்களா அண்ணே? எனக்கு ரெண்டு பசங்க. தினமும் போகணும்னுதான் கேப்பாங்க. சக்கரம், ஹெல்மெட், முட்டிக்கவசம் வாங்கவே முடியாது, வாடகைக்குக் கிடைச்சாத்தான் உண்டு. மே மாசம் நான் வீட்டுக்கு வர ராத்திரி ஆகும், அவங்க எங்கே இருக்காங்கன்னு தெரியாமதான் வண்டி ஓட்டுறேன். தெரிஞ்ச ஒரு இடத்துல, தெரிஞ்ச ஒரு ஆள் கண்ணுல இருந்தாப் போதும்.

வெலிங்டன் டு டொரோண்டோ:
டிரைவர் அண்ணா சொல்றதுதான் விஷயம். இங்கேயும் ஐஸை விட, அங்கே நிக்கிற அந்த ஆள் யாருன்னுதான் பார்ப்பாங்க. பிள்ளைங்க பேர் தெரிஞ்ச ஆள் இருந்தா தளம் நல்லா இருக்கும். சாவியை மட்டும் திருப்பிட்டுப் போற ஆள் இருந்தா பெரிய பசங்க ராஜ்ஜியம். கடைக்காரர் அண்ணாவோட கமிட்டி பயமும் சரிதான். அதனால வரவு செலவை மாசாமாசம் கேட்லயே ஒட்டச் சொல்லுங்க.

சோலைப்புல்:
இடத்துக்கு வருகிறேன். இந்த மலையில் மண்ணை வெட்ட ஜேசிபி இறக்கவே கலெக்டர் அனுமதி வேண்டும். புதிய தளம் என்றால் சரிவை வெட்டிச் சமப்படுத்தியே ஆக வேண்டும். ஏற்கெனவே கான்கிரீட் போட்ட சமதரை ஊரில் இருக்கிறதே, பார்க்கிங் இடங்கள். சீசன் அல்லாத வார நாட்களில் அவற்றில் பல காலி. அதில் ஒன்றின் மேல்பரப்பைத் தேய்த்துச் சரிசெய்தால் ஒரு மரமும் விழாது, ஒரு சதுர அடி ஈர நிலமும் போகாது.

காந்தல்காரன்:
ஜூலையில் காலியாக இருக்கும், அப்போது மழை. மே மாதம் வெயில், அப்போது அங்கே கார் நிற்கும். என் பிரச்சினையே மே மாதம்தானே சோலைப்புல்? இருந்தாலும் வண்டிகளுக்கு உச்சவரம்பு இருக்கும்போது, வார நாள் காலை 10 மணிக்கு முன்னால் பார்க்கிங் நிரம்ப வாய்ப்பில்லை. வெளியூர் வண்டிகள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரவே நேரமாகும். காலை 6 முதல் 10 வரை வண்டி விடாமல் சங்கிலி போட்டால் டீச்சர் கேட்ட நேரமும் அதற்குள் அடங்கும். ரேஸ் கோர்ஸை மனுவிலிருந்து எடுத்துவிடுகிறேன், அங்கே புல்வெளி மட்டும் கேட்போம்.

கேத்தி டீச்சர்:
கார் நின்ற தரையில் ஆயில் சிந்தியிருக்கும் தம்பி. சக்கரத்துக்கு அது பாசியை விட மோசம். மொத்த இடத்தையும் பகிர வேண்டாம், ஒரு மூலையை நிரந்தரமாகத் தடுப்புப் போட்டுப் பிரித்துக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு கார் நிற்கும் இடம் போதும்.

காந்தல்காரன்:
சரி டீச்சர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்க மனு இப்படி: நகராட்சிப் பார்க்கிங் ஒன்றில் ஒரு மூலையைத் தடுத்து ஸ்கேட்டிங் தளமாக்க வேண்டும். பள்ளி வயது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. காலை இரண்டு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு. வெளியூர்க்காரர்களுக்கு மதியத்துக்கு மேல் டிக்கெட், அந்தப் பணம் பொது நிதிக்குப் போகாமல் தளப் பொறுப்பாளர் சம்பளத்துக்கும் வாடகை ஸ்கேட் வாங்கவும் மட்டும். கணக்கு மாதாமாதம் கேட்டில். குத்தகைக்கு விடக் கூடாது.

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
மதியம் டிக்கெட் வெச்சது நல்லது. ஆனா பத்துப் பன்னிரண்டு கார் இடம் போச்சுன்னா சீசன்ல என் கடை வாசல்ல வண்டி நிக்கும், அதுக்குப் பதில் சொல்லுங்க. கடைசி வரியை எடுத்துட்டு, மூணு வருஷம் நகராட்சி நடத்திப் பாக்கட்டும், அதுக்கப்புறம் கணக்கைப் பாத்து முடிவு பண்ணலாம்னு எழுதினா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா போடமாட்டேன்.

காந்தல்காரன்:
மூன்று வருடம் என்பதை எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து அது தானாகக் குத்தகைக்குப் போகாது, வார்டு கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் என்றும் சேர்த்து எழுதுவேன். அதற்குக் கையெழுத்து வருமா?

சேரிங்கிராஸ் கடைக்காரர்:
எழுதினதைக் கடைக்குக் கொண்டு வாங்க. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.