அயர்லாந்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு கேள்வி: இந்த நாட்டின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்து ஆடும் உங்கள் ஊர்க் கிளப்போடு உங்களுக்கு என்ன அனுபவம்?

டன்டாக்கிலிருந்து:

நான் இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஜன்னலோர நாற்காலியில், கறுப்பும் மஞ்சளுமாக ஒரு கழுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், மாத்திரையை வாங்கிக்கொண்டே "உன் கிளப் எது?" என்றார். எனக்குக் கிளப் எதுவும் இல்லையே என்றேன். குலதெய்வம் எது என்று கேட்டுத் தெரியாது என்று பதில் வந்தால் நம் ஊர்க் கிழவிகள் ஒரு பார்வை பார்ப்பார்களே, அதே பார்வை.

அவருடைய கிளப் கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ். ஊரைச் சுருக்கமாக 'கிராஸ்' என்பார்கள். டன்டாக்கிலிருந்து காரில் 20 நிமிடம்தான். ஆனால் நடுவில் எல்லை. டன்டாக் இருப்பது அயர்லாந்துக் குடியரசில். கிராஸ் இருப்பது வட அயர்லாந்தின் ஆர்மா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), அதாவது பிரிட்டனின் கீழ். எல்லை என்றால் தடுப்பும் இல்லை, காவலும் இல்லை. சாலையோர மஞ்சள் கோடு வெள்ளையாகும், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர்கள் மளிகை வாங்கக்கூடப் போய் வருவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐரிஷ் குடியிருப்பு அட்டையும் வைத்திருந்த எனக்கு மட்டும் அந்த 20 நிமிடத்துக்குச் சட்டப்படி பிரிட்டிஷ் விசா வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று பலர் சொன்னார்கள். எனக்குப் பயம். ஐரிஷ் குடியுரிமை கிடைக்கும்வரை போகவே இல்லை. அதனால் அந்த மைதானத்தைப் பற்றிப் பல வருஷம் காதால் கேட்டதோடு சரி.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக: ஒரு அணிக்கு 15 பேர், உருண்டைப் பந்து, கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். பந்தோடு நான்கு காலடிக்கு மேல் சும்மா ஓட முடியாது. தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், இல்லையென்றால் கால் நுனியில் போட்டு உதைத்துக் கைக்கே வரவழைக்க வேண்டும். கம்பம் 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1. ஸ்கோரை 1-12 என்று எழுதினால் ஒரு கோல், 12 புள்ளி, ஆகமொத்தம் 15 என்று நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். இது பிடிபட எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. இப்போது தூரத்திலிருந்து மேலே அடித்தால் 2 என்று புது விதி வேறு.

இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினின் பெரிய மைதானமான குரோக் பார்க்கில் 80,000 பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக நிற்பார். கிளப்பையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தப் பாரிஷோ, அதாவது எந்தத் தேவாலயப் பங்கோ, அந்தக் கிளப். இதையெல்லாம் நடத்துகிற அமைப்பு ஜி.ஏ.ஏ. (கேலிக் அத்லெடிக் அசோசியேஷன்). ஊர்க்காரர்கள் வாயில் அது 'கா'. 1884 நவம்பர் 1 அன்று தர்ல்ஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி ஆரம்பித்தார்கள். மூன்றே வருஷத்தில், 1887-இல், கிராஸில் கிளப் வந்துவிட்டது.

பெரியவருக்கு 1887 எல்லாம் முக்கியமில்லை. அவர் எப்போதும் ஆரம்பிப்பது ஹெலிகாப்டரில்தான். 1970-களில் கலவரம் முற்றியபோது கிளப்பின் மைதானத்தை ஒட்டியே பிரிட்டிஷ் ராணுவத்தின் முகாம் எழுந்தது. மைதானத்து நிலத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள். தெற்கு ஆர்மாவின் சாலைகளில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. கண்ணிவெடி வைத்ததால் முகாமுக்கு ஆளும் சாப்பாடும் எல்லாமே வானத்தில்தான் வந்தாக வேண்டும். "கார்னர் ஃபார்வர்டு பந்தைப் பிடிக்கக் கையைத் தூக்குவான், தலைக்கு மேலே ஹெலிகாப்டர் இறங்கும், பந்து ஒரு பக்கம், புல் ஒரு பக்கம், நடுவர் விசில் யாருக்கும் கேட்காது" என்பார். பந்து முகாமுக்குள் விழுந்தால் விழுந்ததுதான். அந்தச் சின்ன ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ இளம் சிப்பாய்கள் செத்திருக்கிறார்கள். அதையும் அவர் மறைக்க மாட்டார், குரல் மட்டும் இறங்கிவிடும். ஆனால் முடிவில் ஒரே வரிக்குத்தான் வருவார்: "நாங்கள் அங்கேயேதான் ஆடினோம்."

அப்புறம் 1997. அவர் முகமே மாறும். மார்ச் 17, புனித பேட்ரிக் தினம், குரோக் பார்க். அகில அயர்லாந்து கிளப் இறுதிப் போட்டியில் மேயோ கவுண்டியின் நாக்மோர் கிளப்பை கிராஸ் தோற்கடித்தது. அன்றைக்கும் ஊரில் முகாம் இருந்தது. பயிற்சியாளர் ஜோ கெர்னன், உள்ளூர்க்காரர். 1999, 2000 என்று மேலும் இரண்டு முறை அவரே ஜெயித்துக் கொடுத்தார். கிளப்புக்கு இதுவரை மொத்தம் ஆறு பட்டம்; மற்ற மூன்றும் 2007, 2011, 2012. கவுண்டிக்குள் 1996 முதல் 2008 வரை தொடர்ந்து 13 வருஷம் வேறு யாரையும் ஜெயிக்க விடவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அவரிடம் கேட்டதில்லை.

கெர்னனைப் பற்றி ஒரு கதை இந்த நாடு முழுக்கப் பிரபலம். 1977-இல் ஆர்மா கவுண்டி அணிக்காக, கவுண்டிகளுக்கான அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் ஆடி, இரண்டு கோல் அடித்தும் டப்ளினிடம் தோற்றவர் அவர். 2002-இல் ஆர்மாவுக்கே பயிற்சியாளராகி மறுபடி இறுதிப் போட்டி, எதிரணி கெர்ரி. இடைவேளையில் ஆர்மா பின்தங்கியிருந்தது. கிராஸின் ஓஷீன் மெக்கான்வில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். உடைமாற்றும் அறையில் கெர்னன், 1977-இல் தோற்றவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பட்டயத்தை எடுத்துக் காட்டிவிட்டு, அதைச் சுவரில் வீசி அடித்தார். இரண்டாம் பாதியில் அதே மெக்கான்வில் கோல் அடித்தார். 1-12-க்கு 0-14. ஒரே ஒரு புள்ளி. அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான சாம் மக்வயர் கோப்பை, ஆர்மாவுக்கு வரலாற்றில் முதல் முறை. இதை அந்தப் பெரியவர் எனக்குக் குறைந்தது முப்பது முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் பட்டயம் இன்னும் கொஞ்சம் சத்தமாக உடையும்.

ராணுவம் 1999-இல் மைதான நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. முழுசாக ஊரை விட்டுப் போனது 2007-இல். அந்த வருஷ வசந்தத்தில்தான் கிராஸ், கெர்ரியின் டாக்டர் க்ரோக்ஸ் கிளப்பை மறு ஆட்டத்தில் ஜெயித்து நான்காவது பட்டம் வாங்கியது.

பெரியவர் ஒரு பிப்ரவரியில் இறந்தார். கிளப்பில் ஒருவர் இறந்தால் உறுப்பினர்கள் சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வழியனுப்புவார்கள். எங்கள் இல்லத்திலிருந்து ஐந்து பேர் போனார்கள். எனக்கு அப்போதும் ஐரிஷ் பாஸ்போர்ட் வரவில்லை. போகிறவர்களுக்குப் பதிலாக அன்று முழுநாளும் டியூட்டி நான் எடுத்துக்கொண்டேன்.

மறுவருஷம் பாஸ்போர்ட் வந்தது. முதல் ஞாயிறே கிராஸ் போனேன். கிளப் ஆட்டம், சாரல் மழை, கூட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. நான் மனதில் கட்டி வைத்திருந்த மைதானத்தைவிட நிஜம் சின்னது. இடைவேளையில் டீ ஊற்றிக் கொடுத்த அம்மா ஒருவர், யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார். பெரியவரின் பெயரைச் சொன்னேன். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என்னை வெளியே கூட்டிப்போய்க் கம்பி வேலியோரம் ஓர் இடத்தைக் காட்டினார். "இங்கேதான் நிற்பார். நடுவரைத் திட்டுவதற்கு இதுதான் வசதி." இரண்டாம் பாதி முழுக்க நான் அங்கேயே நின்றேன்.

ராஸ்காமனிலிருந்து:

எல்லை என்றதும் எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. பல்லஹடெரீன். நிர்வாகக் கணக்கில் ராஸ்காமன் கவுண்டி, ஏனென்றால் 1898 சட்டத்தின்படி மேயோவிலிருந்து பிரித்து இந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கிளப் இன்றுவரை மேயோவில்தான் ஆடுகிறது! அரசாங்கம் எல்லைக் கோட்டை நகர்த்தியது, கிளப் நகரவில்லை. நான் வந்த புதிதில் ஒருவரிடம் 'நீங்கள் ராஸ்காமன்தானே' என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். பத்து நிமிடம் பாடம் நடத்திவிட்டார்.

இந்தக் கிளப்பில் ஆடி வளர்ந்த ஷைரோஸ் அக்ரம் பாகிஸ்தானில் பிறந்தவர். 2016-இல் 21 வயதுக்குட்பட்டோர் அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற மேயோ அணியில் இருந்தார். என் பையனுக்கு இது தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்குள் பந்து, தோட்டத்தில் பந்து. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று போய்விட்டது. அவர்கள் கோபப்படவில்லை, வியாழக்கிழமை பயிற்சி இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

கெர்ரியிலிருந்து:

டன்டாக் அக்கா, உங்கள் ஆர்மாவிடம் 2002-இல் தோற்ற கெர்ரிக்காரர்கள் நடுவில் நான் ஹோட்டல் சமையல்காரனாக இருக்கிறேன். அந்த ஆட்டத்தை இங்கே யாரும் பேசுவதில்லை. மிக் ஓகானலைத்தான் பேசுவார்கள். வலன்ஷியா தீவுக்காரர். 1959-இல் கெர்ரி அணித்தலைவராக ஜெயித்துவிட்டு, கோப்பையை உடைமாற்றும் அறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அப்போது தீவுக்குப் பாலம் கிடையாது, படகுதான்.

இப்போது பாலம் இருக்கிறது, பையன்கள்தான் இல்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேலை கிடையாது. எல்லோரும் டப்ளினுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விடுகிறார்கள். ஒரு காலத்தில் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்ட இரண்டு மூன்று கிளப்புகள் சேர்ந்தால்தான் சிறுவர் அணிக்கு 15 பேர் தேறுகிறது. போன வருஷம் ஆள் குறைகிறது என்று எங்கள் மேனேஜர் என்னைக் கோல்கீப்பராக நிற்கச் சொன்னார். வயது 34, தொப்பை வேறு. நின்றேன். நான்கு கோல் வாங்கினேன். ஆட்டம் முடிந்து எல்லோருக்கும் நான்தான் கறி சமைத்துப் போட்டேன், அதில் மட்டும் குறை சொல்லவில்லை.

டன்டாக்கிலிருந்து மறுபடியும்:

கெர்ரித் தம்பி, நான்கு கோலா! சரி, பரவாயில்லை.

ராஸ்காமன்காரருக்கு: என் மகளும் சேர்ந்துவிட்டாள், எட்டு வயதுக்குட்பட்டோர் அணி. ஆனால் நாங்கள் இருப்பது எல்லைக்கு இந்தப் பக்கம், அதனால் லவுத் கவுண்டிக் கிளப். பெரியவர் இருந்திருந்தால் மாத்திரையைத் துப்பியிருப்பார். அவருடைய கறுப்பு மஞ்சள் துண்டை அவர் மகள் எனக்குக் கொடுத்திருக்கிறார். குளிர் நாளில் மைதானத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் மற்ற அம்மாக்கள் என்னை முறைக்கிறார்கள்.